பழங்கால வரலாறு படிக்கப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்தவர்கள் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் பருவம் இது. பிள்ளை வரலாறு எடுக்கிறேன் என்றால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "படிச்சு என்ன பண்ணப் போறே?" என்பதுதான். அதிலும் பழங்கால வரலாறு, கல்வெட்டு, தொல்லியல் என்றால் கேட்கவே வேண்டாம். இந்தக் கேள்விக்கு வானொலியில் பதில் சொல்ல முடியுமா என்று நிலையத்தார் கேட்டார்கள். சொல்கிறேன், ஆனால் கடைசியில். அதற்கு முன் அந்த வகுப்பறையில் என்னதான் நடக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா?

பள்ளிக்கூடத்தில் வரலாறு என்றால் அரசர் பெயர், ஆண்டு, போர், வரி நீக்கம், குளம் வெட்டியது. பல்கலைக்கழகத்தில் அதே பாடம் "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்கும். மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ படித்து முடிக்கும்வரை அந்த ஒரு கேள்வி விடாது.

ஓர் எடுத்துக்காட்டு. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, அவர் ஆட்சிக்கு வெளியே தெற்கில் இருந்தவர்களைச் சொல்கிறது. சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் எல்லாம் நமக்குத் தெரிந்தவர்கள். கூடவே 'சதியபுத' என்று ஒரு பெயர் வருகிறது. யார் இவர்? ஒருவர் காஞ்சிபுரம் என்றார், இன்னொருவர் துளுநாடு என்றார், மகாராஷ்டிரம் என்றவரும் உண்டு. கட்டுரை மேல் கட்டுரையாகப் பல பத்தாண்டுகள் விவாதம் நடந்தது. 1981-இல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊரில், குன்றில் உள்ள குகையில், தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் ஒற்றை வரி கிடைத்தது. "சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி." அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று பொருள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவராக நாம் சின்ன வகுப்பிலேயே படித்த அதே பெயர். சதியபுத என்பவர் அதியமான்தான் என்று ஒரே வரியில் முடிந்தது.

முடிந்ததா? வகுப்பில் அங்கேதான் வேலை ஆரம்பிக்கும். எழுத்தின் வடிவத்தை வைத்துக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இந்தக் கல்வெட்டுக்குக் கி.பி. முதல் நூற்றாண்டு என்று காலம் குறித்தார். அசோகரோ கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. இடையில் ஏறக்குறைய 300 ஆண்டுகள். ஆகவே அசோகர் சொன்னது இந்த அஞ்சியை அல்ல, அவருடைய குடியை. சரி, குடிப்பெயர் என்றால் சங்கப் பாட்டில் வரும் அஞ்சியும் இவரும் ஒருவரா, அல்லது பாட்டனும் பேரனுமா? பெயர் ஒன்றாக இருந்தால் போதுமா? இப்படி ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டலாம். எனக்குத் தெரிந்து மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிற வகுப்புகள் இவைதான்.

அடுத்து எழுத்து. தமிழ்தானே, படித்துவிடலாம் என்று சோழர் கல்வெட்டின் முன்னால் போய் நிற்பவர்கள் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுவார்கள். கல்லில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். அதனால் 'க' என்பதும் 'க்' என்பதும் ஒன்றுதான். 'ர' எழுத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு கிடையாது. எகரம், ஒகரம் குறிலா நெடிலா என்பதும் தெரியாது. 'கரல' என்று மூன்று எழுத்து இருந்தால், அது 'கால்' என்று முன்பின் உள்ள சொற்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நடுநடுவே வடசொல் வந்தால் வடமொழிக்கான கிரந்த எழுத்துக்கு மாறிவிடும், பாண்டிநாட்டுப் பக்கம் போனால் வட்டெழுத்து என்ற இன்னொரு பழைய எழுத்து. பொறுமை இல்லாதவர்களுக்கு இது தண்டனை. பொறுமை உள்ளவர்களுக்கு ஒரு பருவத்தில் பிடிபட்டுவிடும்.

அப்புறம் படி எடுப்பது. கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பல கோயில்களில் சுண்ணாம்பு ஏடு ஏடாக ஏறியிருக்கும், அதை எழுத்து கெடாமல் எடுப்பதற்கே அரை நாள் போய்விடும். நனைத்த தாளைக் கல்மேல் விரித்து, முடித் தூரிகையால் மெல்ல அடித்துக்கொண்டே வந்தால் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். பாதி உலர்ந்ததும் மேலே மை ஒற்றினால் கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் விழும். தாள் அதிகம் நனைந்தால் கிழியும், காய்ந்துவிட்டால் மை பிடிக்காது. கைப்பேசியில் படம் எடுத்தால் ஆகாதா என்று கேட்பார்கள். சில கல்லில் ஆகும், தேய்ந்த கல்லில் தாளுக்குத் தெரிவது கேமராவுக்குத் தெரியாது. திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு அடித்து எழுத்தே மழுங்கிப்போன சுவர்களும் உண்டு. அங்கெல்லாம் முன்பு எடுத்து வைத்த படிதான் இன்று மிச்சம்.

ஆண்டு கணிப்பது தனிப் பாடம். கல்வெட்டில் கி.பி. இருக்காது, "யாண்டு பன்னிரண்டாவது" என்றிருக்கும். யாருக்குப் பன்னிரண்டு? சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் வைத்துக்கொண்டார்கள். வெறும் 'கோப்பரகேசரி' என்று இருந்தால் பல அரசர்கள் போட்டிக்கு நிற்பார்கள். நாள், நட்சத்திரம், கிழமை இருந்தால் பிழைத்தோம். அதை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் முதலாம் இராசராசன் 985-ஆம் ஆண்டு ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் பட்டமேறினான் என்று கீல்ஹார்ன் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டார். நம்மூர் சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-இல் 1,100 ஆண்டுகளுக்கான பஞ்சாங்க அட்டவணையே போட்டுக் கொடுத்துவிட்டார். கணக்குப் பிடிக்காது, அதனால் வரலாறு எடுத்தேன் என்று வருகிறவர்களுக்கு இது ஒரு அதிர்ச்சி.

கணக்கு இதோடும் நிற்காது. 1961-இல் நொபொரு கராஷிமா என்ற ஜப்பானிய இளைஞர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கல்வெட்டு படிக்க வந்தார். திருச்சிக்கு அருகே அல்லூர், ஈசானமங்கலம் என்று இரண்டு ஊர்கள். இரண்டின் கல்வெட்டுகளையும் எடுத்து, நிலத்தை விற்றது யார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரமதேயமான, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகத் தந்த ஊரான ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்கள் தங்கள் நிலத்தை விற்கிறார்கள். வெள்ளான் ஊரான, அதாவது உழவர் ஊரான அல்லூரில் ஊரே கூடி விற்கிறது. இந்தியக் கிராமம் என்றால் எங்கும் ஒரே மாதிரி, காலம் காலமாக மாறாதது என்று அதுவரை பேசியதெல்லாம் ஆட்டம் கண்டது. பின்னாளில் எ. சுப்பராயலு, தோரு மட்சுயி இருவருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் தொகுத்து 1978-இல் வெளியிட்டார். அரசரை விட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டவன், விற்றவன், வாங்கியவன் என்று எண்ணத் தொடங்கியதும் வேறொரு சோழநாடு தெரிந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலையே பாருங்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கட்டுக்கதையைப் பத்து பேர் சொல்வார்கள். அதே கோயில் சுவரில் கோயில் பணிக்கு அமர்த்திய ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்று இன்றைய கதவு எண் போட்ட மாதிரி வரிசையாக வெட்டியிருப்பதை யாரும் சொல்வதில்லை. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒரு நகரம் எப்படிக் குடியேற்றப்பட்டது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்போது ஒரு மனக்குறை. இதையெல்லாம் நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்தே எம்.ஏ. முடித்துவிட முடியும் என்பதுதான் இன்றைய நிலை. ஊர்ச் சபைக்குக் குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்த உத்திரமேரூர் குடவோலை பற்றிப் பத்து மதிப்பெண் விடை எழுதுகிறவர்களில் பலர் அந்தக் கல்வெட்டின் ஒரு வரியைக்கூடப் படித்ததில்லை. 919-இல் ஒரு விதி, இரண்டே ஆண்டில் 921-இல் திருத்தம். வயது வரம்பு 30 முதல் 60 என்றிருந்ததை 35 முதல் 70 என்று ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால் கைடில் பதில் இருக்காது. சேரும் முன்பு துறையில் போய் விசாரியுங்கள். கள முகாம் உண்டா, அகழாய்வுக்கு அனுப்புவார்களா, கல்வெட்டு வாசிப்புத் தாள் உண்டா என்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பழங்கால வரலாறு, தொல்லியல் துறை இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் இருக்கிறது.

சரி, வேலை. ஒளிக்காமல் சொல்கிறேன், நேரடி வேலை குறைவு. தொல்லியல் துறை, அருங்காட்சியகம், கல்லூரி, இவ்வளவுதான், அதிலும் பணியிடம் அடிக்கடி வராது. 2020 அக்டோபரில் இந்தியத் தொல்லியல் துறையின் பட்டயப் படிப்பு அறிவிப்பில் செம்மொழிகளின் வரிசையில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்பு எழுந்த பிறகு சேர்த்தது நினைவிருக்கலாம். தமிழ் எம்.ஏ. படித்தவர்களும் அந்த வழியாக உள்ளே போகலாம். போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பழங்கால வரலாறு கைகொடுக்கும், ஆனால் அதற்காக மட்டும் இதை எடுக்காதீர்கள், அதற்குக் குறுக்குவழிகள் நிறைய உண்டு. குடும்பம் உடனே சம்பளத்தை எதிர்பார்க்கும் நிலையில் இருந்தால் பி.எட். ஒன்றைச் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

உங்களுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்கக் காசு செலவு இல்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890 முதல் வருகின்றன, பல இணையத்திலேயே கிடைக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோயில் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். அச்சிட்ட பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒப்பிட்டுப் படியுங்கள். உச்சி வெயிலில் போகாதீர்கள், காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் எழுத்தின் பள்ளம் தெரியும். சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்க வேண்டாம். முதல் வரியில் "ஸ்வஸ்திஸ்ரீ" என்ற மங்கலத் தொடக்கம் கிடைத்துவிட்டால் அங்கிருந்து மெல்ல நகரலாம். வணக்கம்.