லயம் போனால் பிள்ளை எங்கே போகும்?

(கேரளத்தின் பீர்மேடு தாலுகாவில், ‘லயம்’ எனப்படும் கம்பெனி வரிசை வீடுகளில் வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியது)

தோட்டத்துச் சொந்தங்களுக்கு வணக்கம். மழை இறங்குவதற்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்டால், குழந்தைகள் ஹோம் இருக்கிறது என்பார்கள். அந்தப் பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்கு வீடில்லையே என்றால், லைஃப் மிஷன் வீட்டுத் திட்டத்தில் மனு போடு என்பார்கள். இரண்டும் ஒரே குடும்பத்தின் கஷ்டம்தான். ஆனால் ஆபீஸ் வேறு, ஃபைல் வேறு. ஒரு ஃபைலில் பிள்ளை இருக்கிறது, வீடு இல்லை. இன்னொன்றில் வீடு இருக்கிறது, பிள்ளை இல்லை.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் பொறுப்பைக் கம்பெனியின் தலையில் வைத்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது வேலையோடு ஒட்டிய வீடு. வேலை செய்யும் வயசு வந்த மகனோ மகளோ வேலைக்குப் பேர் பதிந்தால் லயம் கையில் நிற்கும். மிஞ்சியிருப்பது நாலாம் வகுப்புப் பிள்ளை என்றால் யார் பேரைப் பதிவது?

ஒரு வீட்டைச் சொல்கிறேன், பேர் வேண்டாம். மகன் இறந்துவிட்டான். மருமகள் திருப்பூருக்கு வேலைக்குப் போனவள், தகவலே இல்லை. பாட்டி ரிட்டயர் ஆனவர். லயத்தைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி என்று கம்பெனி சொல்லிவிட்டது. அந்தப் பணத்தை வாங்கினால் கூரை இல்லை, கூரையைப் பிடித்துக்கொண்டால் பணம் இல்லை. ஓடு உடைந்த இடத்தில் தார்ப்பாய். அதன் ஓட்டைக்கு நேர் கீழே அலுமினிய அண்டா, அண்டாவுக்கு இந்தப் பக்கம் பேத்தியின் பள்ளிக்கூடப் பை. வந்து பார்த்தவர்களெல்லாம் சொன்னது ஒன்றுதான்: ‘புள்ளைய ஹோம்ல விட்டுரும்மா, நல்லாப் படிக்கும்.’ நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் எனக்கு அது பொறுக்கவில்லை. ஓட்டை கூரையில் இருக்கிறது, கூரையை விட்டுவிட்டுப் பிள்ளையை இடம் மாற்றச் சொல்கிறார்கள்.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை யார் என்று வரிசையாகச் சொல்லும்போது, முதலில் வருவதே வீடோ நிலையான தங்குமிடமோ பிழைக்க வழியோ இல்லாத குழந்தைதான். அதே சட்டம், ஹோமில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சொந்தக்காரர்களிடம் வளரும் அநாதைப் பிள்ளைக்கு ஸ்பான்சர்ஷிப் என்ற பண உதவி தரவும் அதில் இடம் உண்டு. குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அது மாதம் 4,000 ரூபாய். கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு யூனிட்டில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

சரி, நாலாயிரத்தில் அரிசி வாங்கலாம், நோட்டு வாங்கலாம். வீடு?

வீட்டுக்கு லைஃப் மிஷன் இருக்கிறது. 2016இல் கேரள அரசு தொடங்கியது, ஒரு வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய். சிமெண்டையும் மணலையும் மலை ஏற்றும் ஜீப் வாடகை கொடுத்தவர்களுக்கு அந்த 4 லட்சம் எங்கே போகிறது என்று தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல் ரேஷன் கார்டில் இருக்கிறது. லைஃப் பட்டியலில் ஒரு கார்டு என்றால் ஒரு குடும்பம். கார்டில் உள்ள யாருக்காவது வீடு இருந்தால் அந்தக் குடும்பத்துக்கே வீடு இருப்பதாகக் கணக்கு. நாம் என்ன செய்கிறோம்? மகன் இறந்ததும் அரிசி கிடைக்கட்டும் என்று பாட்டியையும் பேத்தியையும் சித்தப்பா கார்டில் சேர்த்துவிடுகிறோம். சித்தப்பாவுக்கு கம்பத்துப் பக்கம் இரண்டு சென்டில் ஒரு வீடு இருக்கும். அப்புறம் எத்தனை மனு போட்டாலும் தள்ளுபடிதான். அரிசிக்காக எழுதின பேர் வீட்டை அடைத்துவிடுகிறது. பாட்டி, பேத்தி இருவருக்கும் சேர்த்து ஒரு தனிக் கார்டு போடுங்கள். வேறு எதையும் அதற்கப்புறம் பார்ப்போம்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஸ்பான்சர்ஷிப்புக்காக வீடு தேடி வந்து விசாரிக்கிறார்களே, அந்த அறிக்கையில் கூரையைப் பற்றியும் எழுதுவார்கள். அதன் நகல் ஒன்று பஞ்சாயத்துக்குப் போகட்டும், லைஃப் பட்டியலில் அந்தக் குடும்பம் முன்னால் வரட்டும். இதற்குப் புதுத் திட்டம் தேவையில்லை, ஒரு சர்க்குலர் போதும்.

பதினெட்டு வயசில் ஹோமை விட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்கும் பின்காப்பு உதவி உண்டு. 21 வயசு வரை, தேவைப்பட்டால் 23 வரை. லயமும் போய்விட்டிருக்கும், திரும்பிப் போக வாசல் இருக்காது. அவர்களுக்கு வாடகை அறை பார்த்துக் கொடுக்கவாவது நம் யூனியன்கள் முன்வரலாம். போனஸுக்கு மட்டுமா யூனியன்?

இனி நாம் செய்யவேண்டியது. லைஃப் பயனாளிப் பட்டியல் வார்டு கிராமசபைக்கு வரும். அங்கே பாட்டி தனியாக எழுந்து பேச மாட்டார், பக்கத்து லயத்துக்காரர்கள் எழுந்து பேசுங்கள். தமிழில் பேசினாலும் மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள், எழுதும்வரை உட்காராதீர்கள். பிள்ளைக்கு உடனே ஆபத்து என்றால் 1098க்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது.

இன்னொன்று. நம்மில் பலர் கடைசி நேரத்தில் தேனி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அங்கே இறந்தால் இறப்புப் பதிவு அங்கேதான் ஆகும், இங்கே வில்லேஜ் ஆபீஸில் அலைந்து பலனில்லை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளையின் விண்ணப்பம் நகராது. காரியம் முடிந்த கையோடு யாராவது ஒருத்தர் குமுளியில் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்துவிடுங்கள். பாட்டியை அனுப்பாதீர்கள்.