ஆச்சி பார்த்த வெளிச்சம்

பெரியோர்களே, ஆச்சிமார்களே, பள்ளிப் பிள்ளைகளே,

போன வைகாசியில் கானாடுகாத்தானில் எங்கள் தெரு ஆச்சி ஒருவர், விளக்கு வைத்துச் சற்று நேரம் கழித்து மொட்டைமாடிக்குப் போனார். மேற்கிலிருந்து வெளிச்சப் பொட்டுகள் வரிசையாக ஏறி வந்தன. "கழுத்துருவை அவிழ்த்து வானத்தில் நீட்டிப் போட்டதுபோல் இருந்தது தம்பி" என்றார். சொன்ன இடமெல்லாம் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். அவர் வாயை அடைத்துவிட்டோமே என்ற வருத்தத்தில்தான், வானத்தில் தெரியும் இன்னதென்று தெரியாத வெளிச்சங்களைப் பற்றிய இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன்.

இப்படிப்பட்ட காட்சிகளை அரசாங்கங்களே விசாரித்திருக்கின்றன. 1947 முதல் 1969 வரை அமெரிக்க விமானப்படையின் கணக்கில் ஏறியவை 12,618. இவற்றை விசாரித்துவந்த அதன் புளூ புக் திட்டம் மூடப்பட்டபோது 701 காட்சிகளுக்கு விடை கிடைத்திருக்கவில்லை. அந்த 701ஐப் பிடித்துக்கொண்டு வேற்றுக் கிரகத்தார் வந்துவிட்டதாக முழங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விடை தெரியவில்லை என்றால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது 1966 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்தது. ஹில்ஸ்டேல் கல்லூரி விடுதியிலிருந்து 80க்கும் மேற்பட்ட மாணவியர் ஒரு வெளிச்சத்தைக் கண்டார்கள். விமானப்படையின் ஆலோசகரான வானியலாளர் ஆலன் ஹைனெக் சில நாள் விசாரித்துவிட்டு, சதுப்புநில வாயுவாக இருக்கலாம் என்று பத்திரிகையாளர்களிடம் கூறினார். நம் பக்கத்தில் கொள்ளிவாய்ப் பிசாசு என்பார்களே, அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் அதே வாயு. 'இருக்கலாம்' காற்றோடு போயிற்று. 'சதுப்புநில வாயு' கேலிச்சொல்லாக நின்றது. கண்டவர்கள் கொதித்தார்கள். அம்மாநிலப் பிரதிநிதி ஜெரால்டு ஃபோர்டு, பின்னாளில் அதிபரானவர், நாடாளுமன்ற விசாரணை கேட்டார். ஏப்ரலில் அது நடந்தது. ஹைனெக் சொன்ன காரணம் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவசரமாகச் சொல்லப்பட்ட விடை, பார்த்தவர்களை முட்டாளாக்கிவிட்டது.

பிரான்சில் வேறு வழி. 1977 முதல் அவர்களுடைய விண்வெளி நிறுவனத்திலேயே இதற்கென ஒரு பிரிவு இருக்கிறது. காவலர்கள் வாக்குமூலம் எழுதி அனுப்புகிறார்கள். 2007இலிருந்து, பார்த்தவர் பெயரை மறைத்துக் கோப்புகளை வெளியிட்டும் வருகிறார்கள்.

நானும் ஆச்சி வீட்டு முகப்பில் உட்கார்ந்து கேட்டேன். சத்தம் இருந்ததா? இல்லை. வேகம் மாறியதா? எல்லாம் ஒரே தடத்தில், ஒரே சீராகப் போயின. எங்கே மறைந்தன? "நடு வானம் தாண்டி, ஒரே இடத்தில் ஒவ்வொன்றாக அணைந்தன."

எத்தனை துல்லியம், பாருங்கள்! 2019 மே மாதம் முதல், இணையச் சேவைக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களைக் கூட்டமாக ஏவுகிறார்கள். ஏவிய சில நாள்கள் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். நமக்கு இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும். பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் ஒவ்வொன்றாக அணையும். சிரித்தவர்களில் ஒருவர்கூட அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்த பிறகும் நோட்டோடு இங்கேயே இருப்பேன். பார்த்தவர்கள் வாருங்கள். மணி, திசை, கையை நீட்டிப் பிடித்தால் அடிவானத்திலிருந்து எத்தனை விரல் உயரம் என்று சொன்னால் போதும். ஆச்சியும் வந்திருக்கிறார், முன்வரிசையில்.