ஒரு மில்லிமீட்டர் துளை

வணக்கம். இன்றைக்கு மேசையில் ஒரே ஒரு பொருள்தான். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், கொஞ்சம் ஃபோகஸ் ஆகட்டும்... சரி, தெரிகிறதா? தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் எஃகுத் துண்டு. நடுவில் குண்டூசி நுழையும் அளவு துளை. இரண்டு பக்கமும் குவார்ட்ஸ் ஜன்னல். சாதாரணக் கண்ணாடி போட்டால் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியை அதுவே விழுங்கிவிடும்.

எச்பிஎல்சி என்பது கலவையில் உள்ள பொருள்களைத் திரவத்தில் ஓடவிட்டுத் தனித்தனியாகப் பிரிக்கும் கருவி. பிரிந்து வரும் பொருளைப் புற ஊதா ஒளியால் கண்டுபிடிப்பது அதன் யுவி டிடெக்டர். அதில் இருந்து கழற்றிய ஃப்ளோ செல் இது, திரவம் ஓட ஓட ஒளி ஊடுருவிப் போகும் அறை. டிடெக்டர் வடிவமைப்பு என்றாலே எல்லாரும் ஒளி தரும் டியூட்டீரியம் விளக்கைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் தலைவலி முழுக்க இந்தத் துளையில்தான்.

நீளம் 10 மில்லிமீட்டர், விட்டம் 1 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 8 மைக்ரோலிட்டர்கூட வராது. ஒரு சொட்டில் ஆறில் ஒரு பங்கு! திரவத்துக்குள் ஒளி போகும் தூரம் கூடினால் பீக், அதாவது ஒரு பொருள் கடக்கும்போது வரைபடத்தில் எழும் மேடு, உயரும். அப்போ துளையை நீட்டிவிடலாமே? நீட்டினால் கொள்ளளவு கூடும், பாடுபட்டுப் பிரித்தெடுத்த இரண்டு பொருள்கள் இங்கே வந்து மறுபடி ஒன்றாகக் கலந்துவிடும். சரி, நீட்டிவிட்டு ஒல்லியாக்கலாம் என்றால், உள்ளே நுழையும் ஒளி குறையும், இரைச்சல், அதாவது சிக்னலின் வீண் நடுக்கம், ஏறும்.

இரைச்சல் என்றால் எவ்வளவு தெரியுமா? நல்ல டிடெக்டர் ஓர் உறிஞ்சல் அலகில் (ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் ஓர் அலகு) லட்சத்தில் ஒரு பங்கைப் பார்க்க வேண்டும். இந்த அலகு மடக்கைக் கணக்கில் போவதால், லட்சம் ரூபாய்க் கட்டில் இரண்டு ரூபாய் முப்பது காசு குறைந்தால் கண்டுபிடிப்பது மாதிரி. விளக்கே அதைவிட அதிகமாகத் தள்ளாடும். அதனால் ஒளியில் ஒரு பங்கைச் செல்லுக்கு முன்பே பிரித்து வேறொரு ஃபோட்டோடையோடுக்கு (ஒளியை மின்சாரமாக மாற்றி அளப்பது) அனுப்பி ஒப்பிடுகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி இனிமேல்தான். கிரேடியன்ட் ஓட்டும்போது, அதாவது ஓடும் திரவத்தின் கலவை விகிதத்தை மெல்ல மாற்றும்போது, தண்ணீரோடு அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் சேரச் சேர ஒளிவிலகல் எண் மாறும். திரவமே லென்ஸ் மாதிரி ஒளியை வளைத்துச் சுவரில் மோத விடும். உறிஞ்சும் பொருள் எதுவுமே இல்லாமல் பேஸ்லைன், அதாவது வரைபடத்தின் அடிக்கோடு, நகரும். இதற்கு ஒரு தீர்வு, துளையை ஒளி வெளியேறும் பக்கம் கொஞ்சம் அகலமாக, கூம்பு மாதிரி குடைவது. வளைந்த ஒளியும் சுவரில் இடிக்காமல் வெளியே வந்துவிடும். இவ்வளவுதானா என்று தோன்றும், ஆனால் அந்தச் சரிவைப் பிசிறில்லாமல் குடைந்து பாருங்கள்!

என் கதை ஒன்று. ஒருமுறை பேஸ்லைன் முள்முள்ளாகக் குதித்தது. விளக்கு போச்சு என்று முடிவு கட்டிப் புதிதாக வாங்கிப் போட்டேன். அதே முள். கடைசியில் பார்த்தால் செல்லுக்குள் ஒரு காற்றுக்குமிழ். பம்ப்பின் அழுத்தம் செல்லுக்கு வரும்போது இறங்கிவிடுகிறதே, கரைந்திருந்த காற்று அங்கேதான் வெளியே வந்திருக்கிறது. கழிவுப் பக்கம் மெல்லிய குழாயாக ஒரு துண்டு மாட்டினேன், அழுத்தம் கொஞ்சம் நின்றது, முள் போய்விட்டது.

கழற்றிய பழைய விளக்கு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. நல்லாத்தான் எரியும்.