அப்பாயியின் வயது

நேயர்களுக்கு வணக்கம். என் அப்பாயியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு காலமானார். எத்தனை வயதில் என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் சண்டை அங்கேதான் ஆரம்பமாகும்.

அடையாள அட்டைப்படி 93. அவர் கணக்குப்படி 96.

அட்டையில் இருப்பது 1932 ஜனவரி 1. தேதி தெரியாமல் போய் நின்ற எத்தனையோ பேருக்கு அந்த நாளில் கிடைத்த பிறந்தநாள் ஜனவரி 1தான். வருஷத்தை முடிவு செய்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு குமாஸ்தா. ஏற இறங்கப் பார்த்தாராம், எழுதினாராம். அப்பாயி குள்ளம், ஒல்லி. "குள்ளமா இருந்த பாவத்துக்கு என் வயசுல மூணு வருஷத்தைப் பிடிச்சுக்கிட்டான்" என்பார்.

அவருடைய கணக்குக்குக் காகிதம் கிடையாது. ஆனால் ஆதாரம் உண்டு. இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்த கையோடு, அந்த ஆவணியில் அவருக்குக் கல்யாணம். அப்போது வயது பதினெட்டு. சமைந்து நாலு வருஷம் கழித்துத்தான் கட்டிக் கொடுத்தார்கள், அதில் சந்தேகமே இல்லை என்று அடித்துச் சொல்வார். பிறந்தது பங்குனி உத்திரத்துக்கு மூன்றாம் நாள். அதை அவருடைய அம்மா சொல்லிக் கேட்டது.

ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். தாத்தாவுக்கு இங்கே சிங்கப்பூரில், செம்பவாங்கிலிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை. நாங்கள் இன்றும் நேவல் பேஸ் என்றுதான் சொல்கிறோம். கல்யாணம் முடிந்த சில மாதத்தில் தாத்தா திரும்பி வந்துவிட்டார். அப்பாயி மாமியார் வீட்டில் ஐந்து வருஷம் காத்திருந்தார். 1952 நவம்பர் 30ஆம் தேதி நாகப்பட்டினம் பக்கம் கரை ஏறிய புயலில் அந்த வீட்டின் கூரை போனது. கொல்லையில் ஒரு தென்னைகூட மிஞ்சவில்லை. போதாததற்கு, அடுத்த ஆகஸ்டிலிருந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புதிய குடிநுழைவுச் சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு வேறு. இனி யாரையும் விடமாட்டார்களாம் என்று பயந்துபோய்த் தாத்தா டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பினார். மனைவி மக்களுக்கு அந்தச் சட்டத்திலும் வழி இருந்தது என்று நான் பிற்பாடு படித்தேன். அந்தப் பயம் இல்லாவிட்டால் அப்பாயி இன்னும் எத்தனை வருஷம் காத்திருந்திருப்பாரோ.

நாகப்பட்டினத்தில் ஏறிய கப்பல் ரஜூலா. பழைய ஆட்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மலரும், சிலருக்கு வயிற்றைப் பிரட்டும். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கு, கிள்ளான் துறைமுகம் என்று நின்று நின்று வந்த பயணம். அப்பாயி சாப்பிட்டது எலுமிச்சை ஊறுகாயும் தண்ணீரும்தான். ரஜூலா 1926இல் கட்டிய கப்பல் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு மூணு வருஷம் மூத்தவ. அதான் அந்த ஆட்டம் ஆடுனா" என்றார். கப்பலுக்குக்கூடப் பிறந்த வருஷம் சரியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளின் வயதையும் அவர் இப்படித்தான் வைத்திருந்தார். அத்தை பிறந்தது புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி பற்றி எரிந்த வருஷம், அதாவது 1961. சித்தப்பா தண்ணீருக்கு முறை வைத்த வருஷம், 1963. மூத்தவரான என் அப்பாவுக்கு மட்டும் எந்தச் சம்பவமும் அமையவில்லை. "உங்கப்பன் சும்மா பொறந்தான்" என்பார்.

நேவல் பேஸில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குத் துணி துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தார். அந்த வீட்டு அம்மா ஒருநாள் பிறந்தநாள் கேட்டிருக்கிறார். அப்பாயி தன் பசார் மலாயில் பங்குனி உத்திரத்தை விளக்கியிருக்கிறார். எப்படி விளக்கினாரோ, முருகனுக்கே வெளிச்சம். கான்பரா சாலையில் மரத்தடிக் கோயிலில் காவடி எடுக்கும் நாளிலிருந்து மூன்று நாள் எண்ணி, அந்த அம்மா கேக் செய்து வைத்தார். அடுத்த வருஷம் அதே தேதியில் கேக் தயார். அப்பாயியோ, "தீடாக், இல்ல, இன்னும் நாள் வரல" என்று சொல்லிவிட்டார். பிறந்தநாள்கூடவா நகர்ந்துகொண்டே இருக்கும் என்று அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டதை அப்பாயி நடித்தே காட்டுவார். 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியபோது அந்தக் குடும்பமும் போனது. கேக் தட்டு எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அதில்தான் பல வருஷம் அப்பளத்துக்கு மாவு பிசைந்தோம்.

இதுவரை சிரிக்கிற கதை. இனிச் சொல்லப்போவதற்கு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

தாத்தா சீக்கிரம் போய்விட்டார். அப்பாயி ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். ஈசூனில் புதிதாக வாங்கிய மூவறை வீட்டிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்புவார். ஈசூன் என்று அவர் கடைசிவரை சொன்னதில்லை, நீ சூன்தான். அவர் கணக்கில் 55 வயது 1984இல் முடிந்தது. சம்பளத்திலிருந்து சேர்ந்த மத்திய சேமநிதிப் பணத்தை அந்த வயதில் எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம் என்று நினைத்தார். அட்டை 1987 என்றது. முழங்கால் வீங்கிப்போய், மாடிப்படிகளில் பின்பக்கமாக இறங்கி இறங்கிக் கூட்டினார். யாரோ கண்ணால் பார்த்து எழுதிய மூன்று வருஷத்தை இவர் துடைப்பத்தோடு கழித்தார். அந்தக் குமாஸ்தாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அப்பாயி மன்னித்தாரா என்று கேட்டதில்லை.

2014இல், மூத்தவர்களுக்கு மருத்துவச் செலவில் சலுகை தரும் முன்னோடித் தலைமுறை அட்டை வந்தது. 1949 கடைசிக்குள் பிறந்திருக்க வேண்டும் என்பது விதி. "ரெண்டு கணக்குலயும் நான் பாஸ்" என்று பலதுறை மருந்தகத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனார்.

மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டு போவதற்கு முதல்நாள் இரவு, தமிழ் முரசுக்கு இரங்கல் விளம்பரம் எழுத உட்கார்ந்தோம். சித்தப்பா 93 என்றார், அட்டையில் இருப்பதைத்தான் போடவேண்டும் என்றார். அத்தை 96க்குக் குறைந்து போட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். யாரும் அவரிடம் கையெழுத்துக் கேட்கவில்லை, அது வேறு விஷயம். சம்பவம் இல்லாமல் பிறந்த என் அப்பா அதிகம் பேசாதவர். தாளை வாங்கி, தோற்றம் என்ற இடத்தில் "பங்குனி உத்திரத்துக்கு மூன்றாம் நாள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் விளம்பரப் பிரிவிலிருந்து தொலைபேசி. "ஐயா, வருஷம் விட்டுப்போச்சு."

"இல்லங்க, அப்படியே போடுங்க" என்றார் அப்பா.

அப்படியே வந்தது. காலையில் அத்தை பேப்பரைப் பிரித்து, படத்தில் அம்மாவின் மூக்குத்தி தெரிகிறதா என்றுதான் முதலில் பார்த்தார்.