மிதவையில் ஏறுவதற்கு முன்

வணக்கம். கடலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் நான் லேசில் நிறுத்த மாட்டேன் என்று இந்த வானொலி நிலையத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல. எனக்கு நேர் எதிரே பெரிய கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மையார் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

நான் சரக்குக் கப்பலில் ஓடியவன். பந்தயப் படகு ஓட்டியதில்லை. ஆனால் 1979இல் நடந்த ஒரு பாய்ப்படகுப் பந்தயத்தைப் பற்றி நாற்பது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். 'ஃபாஸ்ட்நெட்' என்று வாயெடுத்தாலே என் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். இன்றைக்கு நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

ஃபாஸ்ட்நெட் என்பது அயர்லாந்தின் தென்மேற்கே கடலுக்குள் நிற்கும் பாறை. அதன் மேல் ஒரு கலங்கரை விளக்கம். இங்கிலாந்தின் தெற்கே கௌஸ் என்ற ஊரில் புறப்பட்டு, அந்தப் பாறையைச் சுற்றிக்கொண்டு பிளிமத் துறைமுகத்துக்கு வர வேண்டும். சுமார் 600 கடல் மைல். அந்த வருடம் ஆகஸ்ட் 11, சனிக்கிழமை, 303 படகுகள் கிளம்பின. முன்னாள் பிரதமர் எட்வர்ட் ஹீத்கூட ஒரு படகில் இருந்தார். பெரிய படகுகள் சில. மற்றபடி முப்பது, முப்பத்தைந்து அடிப் படகுகள் ஏராளம். நம் டவுன் பஸ்ஸைவிடக் குட்டை. அதற்குள் ஆறு பேர் சமைத்து, தூங்கி, பாய் கட்டி ஓட்ட வேண்டும்.

கிளம்பும்போது வானொலி சொன்ன காற்று நாலு, ஐந்து; கொஞ்ச நேரம் ஆறு, ஏழு. நம் துறைமுகத்தில் ஏற்றுகிறார்களே புயல் கூண்டு எண், அது வேறு. இது காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் என்ற கணக்கு. ஏழு என்றால் பந்தயக்காரனுக்குக் கொண்டாட்டம். ஆனால் 13ஆம் தேதி இரவு வந்தது பத்து. மணிக்கு 90, 100 கிலோமீட்டர். பதினொன்றே வந்தது என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு. அட்லாண்டிக்கில் சாதுவாகக் கிடந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு ஒரே நாளில் வலுத்துத் திரும்பி, அயர்லாந்தின் மேல் வந்துவிட்டது.

ஏழுக்கும் பத்துக்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளல் நாலு மடங்காகும். பிள்ளையின் பள்ளிக்கூட வேலைக்கு வாங்கிய தெர்மோகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

காற்றுக்காவது பாயைச் சுருக்கலாம், இறக்கலாம். அலைக்கு என்ன செய்வது? முதலில் தென்மேற்கிலிருந்து அடித்த காற்று ஒரு பக்க அலையை எழுப்பிவிட்டது. நடு இரவுக்குப் பிறகு அதே காற்று வடமேற்குக்குத் திரும்பிப் புது அலையை எழுப்பியது. பழைய அலை ஓயவில்லை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் தண்ணீர் சுவர் போல நிமிர்ந்து, நிற்க முடியாமல் இடிந்து விழும். உருண்டு வரும் அலை எவ்வளவு உயரமானாலும் படகு அதன் மேல் ஏறி இறங்கிவிடும். ஆபத்து உடைகிற அலையில்தான். முப்பது அடிப் படகைப் பக்கவாட்டில் சாய்க்கப் பத்தடி உயரத்தில் உடையும் அலை போதும். பிறகு தொட்டியில் மாதிரிப் படகுகளை விட்டுப் பார்த்து இதை உறுதி செய்தார்கள்.

அந்த இரவில் 75 படகுகள் தலைகீழாகப் புரண்டன. பாய்மரம் கீழே, அடிப்பாகம் மேலே. புரண்ட படகு என்ன ஆகும்? இங்கேதான் நம் தஞ்சாவூர் பொம்மையை நினைத்துக்கொள்ள வேண்டும். அடியில் கனம். சாய்த்தால் எழுந்துவிடும். இந்தப் படகுகளுக்கும் அடியில் ஈயமோ இரும்போ பெரிய கனமாக இருக்கும். பெரும்பாலானவை தானாகவே நிமிர்ந்துவிட்டன. உள்ளே இருந்தவர்கள் மேல் அடுப்பும் பேட்டரியும் டப்பாக்களும் வந்து விழுந்தன. அறை வாசலை அடைக்கும் பலகைகளை மேலிருந்து செருகுவது வழக்கம். படகு தலைகீழானதும் அவை நழுவிப் போயின, திறந்த வாசல் வழியே கடல் உள்ளே வந்தது. ஒரு கயிறு போட்டுக் கட்டியிருந்தால் போகாது.

இப்போது நீங்கள் அதற்குள் இருப்பதாக நினையுங்கள். இருட்டு. முழங்கால் அளவு தண்ணீர். பாய்மரம் முறிந்து படகின் பக்கத்தில் மோதிக்கொண்டிருக்கிறது. மேலே ஒரு மூட்டை கட்டிவைத்திருக்கிறது. கயிற்றை இழுத்தால் காற்று நிரம்பிக் கூரையோடு ஒரு மிதவை விரியும். லைஃப் ராஃப்ட். யாருக்குத்தான் அதில் ஏறத் தோன்றாது?

அந்த மிதவையைப் பற்றி எனக்குத் தெரியும். பயிற்சியின்போது ஒரு நீச்சல் குளத்தில், பட்டப்பகலில், தலைகீழாகக் கவிழ்த்துப் போட்ட மிதவையை நிமிர்த்தச் சொன்னார்கள். சிலிண்டர் இருக்கும் பக்கம் காலை ஊன்றி, அடியில் இருக்கும் பட்டையைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். சாய்ந்தேன். மிதவை நிமிர்ந்து என் மேலேயே விழுந்தது. அடியில் மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் வெளியே என்று தெரியாமல் தண்ணீர் குடித்தேன். மூன்றாவது முறைதான் ஒழுங்காக வந்தது. குளத்தில் அலை கிடையாது. கரையில் டீ வைத்திருந்தார்கள். அன்றைக்கே எனக்கு அதன் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

ஃபாஸ்ட்நெட்டில் என்ன நடந்தது? ஒரு மிதவையின் காற்று அடைத்த இரண்டு வளையங்களும் பிரிந்து தனித்தனியாகப் போயின. சில மிதவைகள் திரும்பத் திரும்பக் கவிழ்ந்தன. பந்தயத்தில் 15 பேர் இறந்தார்கள். அதில் ஏழு உயிர்கள் மிதவையை ஒட்டிய சம்பவங்களில் போனவை. விசாரணை அறிக்கையில் நான் முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்த இடம் இதுதான்: அந்த ஏழு பேரும் விட்டுவிட்டுப் போன படகுகள் பிறகு மிதந்துகொண்டிருந்தன. கட்டி இழுத்துத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். மொத்தம் 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள். மூழ்கியவை ஐந்து. மீண்டும் சொல்கிறேன், இருபத்து நான்கில் ஐந்து.

இன்னொரு படகு. முப்பது அடி, ஆறு பேர். புரண்டதில் தலைவர் கடலோடு போய்விட்டார். இருவர் அசைவில்லாமல் கிடந்தார்கள். இறந்துவிட்டார்கள் என்று நினைத்து மற்ற மூவரும் மிதவையில் ஏறினார்கள். ஹெலிகாப்டர் வந்து அவர்களைத் தூக்கியது. ஆனால் கிடந்த இருவரும் சாகவில்லை. ஒருவர் சற்று நேரத்தில் போய்விட்டார். மற்றவர் இருபதுகளில் இருந்த பையன். செத்த நண்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தான். 14ஆம் தேதி மாலைதான் அவனைத் தூக்கினார்கள். அவ்வளவு நேரமும் அந்தப் படகு மிதந்தது.

விட்டுப் போன மூவரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. அவர்களும் பிழைத்தார்கள். கரையில் உட்கார்ந்து ஏன் இறங்கினாய் என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை? நான் சொல்வது அடுத்தவனுக்கு. மிதவைக்குள் இறங்காதே, ஏறு என்று மாலுமிகள் சொல்வார்கள். படகு அவ்வளவு தாழ்ந்து போன பிறகுதான், கால் தூக்கி மிதவைக்குள் ஏற வேண்டியிருக்கிற நேரத்தில்தான், அதை விட வேண்டும்.

ஆமாம், பந்தயத்தை வென்றவர் டெட் டர்னர். மறுவருடம் சிஎன்என் செய்தித் தொலைக்காட்சியைத் தொடங்கினாரே, அவர்தான். அதன் பிறகு வாசல் பலகைகளைக் கட்ட வேண்டும், பேசும் வசதியுள்ள ரேடியோ வேண்டும் என்றெல்லாம் விதி வந்தது. அதற்கு முன் பல சிறிய படகுகளில் கேட்கிற ரேடியோ மட்டும்தான். உங்கள் கையில் இருப்பது போல.

அம்மையார் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். புயலில் படகின் பின்னால் நீளக் கயிற்றை இழுத்துக்கொண்டு போகலாமா, அவிழ்த்துவிட்டு வேகமாக ஓடலாமா என்ற சண்டையைத்தான் இன்று சொல்ல வந்தேன். அது நடக்காது. அபிலாஷ் டோமியையாவது சொல்லிவிடுகிறேன்.

அப்போது நம் கடற்படையில் இருந்தவர். 2018இல் தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில், கோவாவில் கட்டிய 'துரியா' என்ற படகில் போனார். செப்டம்பர் 21, இந்தியப் பெருங்கடலின் தெற்கே புயல். படகு புரண்டது, பாய்மரம் போனது, முதுகெலும்பில் அடி. எழுந்திருக்க முடியவில்லை என்று செய்தி அனுப்பினார். மூன்று நாள் படகுக்குள்ளேயே கிடந்தார். நம் அரக்கோணம் ராஜாளி தளத்தைச் சேர்ந்த விமானம் மேலே பறந்து பார்த்தது; 24ஆம் தேதி பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து தூக்கியது. அதுவரை பாய்மரமில்லாத அந்தப் படகு மிதந்துகொண்டுதான் இருந்தது.

2022இல் அதே பந்தயத்துக்கு வேறு படகோடு திரும்பப் போனார். 236 நாள். இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் என்ற தென்னாப்பிரிக்கப் பெண்மணி, அவர் கதையும் ஒரு... சரி, விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.