குறையுள்ளவருக்கு ஓட்டு: எந்தக் குறையைப் பொறுக்கலாம்?

(சென்னையில் வாக்காளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, முதல்முறையாக விரலில் மை வைக்கப்போகும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

தேர்தல் நெருங்கினால் இந்த ஊரின் டீக்கடையிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே கேள்விதான் சுற்றும். “அந்த ஆள் நமக்காகப் பேசுகிறார். ஆனால் அவர்மேல் வழக்கு இருக்கிறது, பேச்சில் நிதானம் இல்லை, சொல்கிற கணக்கும் உதைக்கிறது. அவருக்குப் போடலாமா?” இதற்குச் சுலபமான பதில்கள் இரண்டு உண்டு. எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், யாருக்குப் போட்டால் என்ன என்பது ஒன்று. குறையிருந்தால் தொடவே கூடாது, நோட்டாவை அழுத்து என்பது மற்றொன்று. இரண்டுமே யோசிக்கும் வேலையைத் தட்டிக்கழிக்கின்றன. நான் சொல்ல வந்தது: போடலாம். ஆனால் அடுத்த தேர்தலில் நாம் திருத்தக்கூடிய குறை எது, திருத்தும் வழியையே அடைத்துவிடும் குறை எது என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

“அந்த ஆள் நமக்காகப் பேசுகிறார்” என்றேனே, அப்படிப்பட்டவரின் அரசியலை ஜனரஞ்சக அரசியல் என்பார்கள். அதில் முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடுவோம். இலவசம் கொடுப்பதையே ஜனரஞ்சக அரசியல் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். அது நலத்திட்டம். ஜனரஞ்சகம் என்பது பேசும் முறையில், ஆளும் முறையில் இருக்கிறது. “மக்கள் என்றால் நான், என்னை எதிர்ப்பவர் மக்களின் எதிரி” என்பார்கள். நீதிமன்றம், பத்திரிகை, சட்டமன்றம், அதிகாரிகள் என்று நடுவில் நிற்கும் எல்லாவற்றையும் தாண்டி நேரே நம்மிடம் பேசுவார்கள். அந்த நெருக்கம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ரேஷன் கடை வரிசையில் நிற்பவரை யாருமே பொருட்படுத்தாத இடத்தில், பொருட்படுத்துகிற ஒருவர் வந்தால் ஜனங்கள் அவரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அது நியாயம்.

இதை நம் ஊர் வரலாற்றிலேயே பார்க்கலாம். 1982 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவைப் பெரிதாக்கிய திட்டம் அது. பணம் எங்கே, வீண் செலவு, ஓட்டுக்கான வேலை என்ற விமர்சனங்கள் எழுந்தன. 2001 நவம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஜனரஞ்சகம் என்று தள்ளப்பட்டது இந்தியாவுக்கே விதியானது.

அதே 1982-ல், அதே அரசு, 14-ஆம் எண் சட்டமாகக் குண்டர் தடுப்புச் சட்டத்தையும் கொண்டுவந்தது. விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை ஒருவரை உள்ளே வைக்கலாம். எதற்கு வந்தது என்று கேட்டால் கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குடிசைப் பகுதி நிலத்தை வளைப்பவர் என்ற பட்டியலைக் காட்டுவார்கள். பட்டியல் அதோடு நிற்கவில்லை. 2004-ல் திருட்டு வீடியோ சேர்ந்தது, 2014-ல் இணையக் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன. நடுவில் ஆட்சிகள் எத்தனையோ மாறின. சத்துணவை யாரும் நிறுத்தவில்லை. குண்டர் சட்டத்தையும் யாரும் நீக்கவில்லை. செல்வாக்குள்ள தலைவர் தரும் சோறும் நிற்கிறது, அவர் செய்யும் பூட்டும் நிற்கிறது. சோற்றுக்காகப் போட்ட ஓட்டு பூட்டுக்கும் சேர்த்துத்தான் எண்ணப்பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1987-ல் அரசியல்வாதிகளைப் பற்றி அட்டையில் ஒரு நகைச்சுவைச் சித்திரம் போட்டதற்காக, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்து, சில நாட்களிலேயே அவரை விடுவித்தார்கள். அன்றும் அதே அரசுதான், அதே மக்கள் செல்வாக்குதான். ஆகவே ஒரு வேட்பாளரையோ தலைவரையோ எடைபோட முதல் சோதனையாக நான் வைப்பது இது: கேலியை, கேள்வியைத் தாங்குகிறாரா? பத்திரிகையாளர் சந்திப்பில் எதிர்க்கேள்வி வரும்போது பதில் சொல்கிறாரா, கேட்டவரின் சாதியையும் சம்பளத்தையும் பேசுகிறாரா? தன் கட்சிக்குள் தேர்தல் நடத்துகிறாரா? தோற்ற தேர்தலில் முடிவை ஏற்றுக்கொண்டாரா? இவற்றில் தவறினால் அவர் தரும் இலவசம் எத்தனை பெரிதாக இருந்தாலும் நான் பின்வாங்குவேன். மற்றக் குறைகளைப் பேரம் பேசலாம்.

அந்த மற்றக் குறைகளுக்கு வருவோம். வழக்குகளில் தொடங்குவோம். வேட்புமனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் வரும். 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் நமக்கு வாங்கிக் கொடுத்த தாள் அது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும், வேட்பாளர் விவரம் தரும் அதன் கேஒய்சி செயலியிலும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். மனு வாபஸுக்கான கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவில் குறைந்தது 14 நாள் இருக்கும். ஒரு தொகுதியில் உண்மையாகப் போட்டியில் இருப்பவர் மூன்று, நான்கு பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

படிக்கிற விதத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். “பதினாறு வழக்கு இருக்கிறது” என்று எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எண்ணிக்கையை விடுங்கள், பிரிவு எண்ணைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341 என்றால் பெரும்பாலும் மறியல், ஊர்வலம், தடையுத்தரவு மீறல். தெருவில் இறங்கிப் போராடியவர் மேல் இவை சேரத்தான் செய்யும். என்னைப் பொறுத்தவரை இது குறையே இல்லை. 420 என்றால் மோசடி, 307 என்றால் கொலை முயற்சி. 2024 ஜூலை 1-க்குப் பிந்திய குற்றங்களுக்கு, பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் எண் வரும்: மோசடி 318, கொலை முயற்சி 109, சட்டவிரோதக் கூட்டம் 189, உத்தரவு மீறல் 223. அடுத்து, நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்துவிட்டதா, எந்தத் தேதியில் என்ற வரி இருக்கும். வெறும் எஃப்.ஐ.ஆர். அரசியல் எதிரியும் போடவைக்கலாம். நீதிபதி ஆவணத்தைப் பார்த்துக் குற்றச்சாட்டுப் பதிவு செய்திருந்தால் விஷயம் வேறு. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வந்தால், 2013 லில்லி தாமஸ் தீர்ப்புக்குப் பிறகு மேல்முறையீடு செய்தாலே பதவி நிலைத்துவிடாது. தீர்ப்பு வந்த நாளிலேயே தகுதி போய்விடும். உங்கள் தொகுதி இடைத்தேர்தல் வரும்வரை ஆளில்லாமல் இருக்கும். அதையும் கணக்கில் வையுங்கள்.

சொத்துப் பக்கத்தில் தவறு வேறு மாதிரி நடக்கும். ஐந்து ஆண்டில் சொத்து இரண்டு மடங்கு என்றதும் கொந்தளிக்கிறோம். ஓ.எம்.ஆர். பக்கம் இருபது வருடம் முன்பு வாங்கிய மனை தானாகவே ஏறியிருக்கும். பிரமாணப் பத்திரத்தில் வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய மதிப்பு என்று தனித்தனி இடம் உண்டு. பதவியில் இருந்த காலத்தில் புதிதாக வாங்கியது எது என்று மட்டும் தேடுங்கள். பிறகு முதல் பக்கங்களில் உள்ள வருமான வரிக் கணக்கைப் பாருங்கள். ஐந்து ஆண்டு வருமானம், மனைவி அல்லது கணவருடையதும் சேர்த்து, அங்கே இருக்கிறது. ஐந்து ஆண்டு வருமானத்தைக் கூட்டினால் அந்தப் புதிய சொத்தை வாங்க முடியுமா? முடியாது என்றால், கடன் பகுதியில் அதற்கு ஈடான கடன் காட்டியிருக்கிறாரா? இரண்டும் இல்லை என்றால் அதுதான் நீங்கள் தேடிய குறை. எந்த இடத்தையும் காலியாக விடக்கூடாது, “இல்லை” என்றாவது எழுத வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது வாக்குறுதிக் கணக்கு. 1967-ல் “மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்” என்று தி.மு.க. சொன்னது. ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. செலவு தாங்காமல் மாநிலம் முழுக்கப் போகவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சில் ஒரு நேர்மை இருந்தது. எது ஆசை, எது உறுதி என்று பிரித்துச் சொன்னார்கள். இன்று அந்தப் பிரிவை நாமே போட வேண்டியிருக்கிறது. மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிப் பெண்கள் என்றால் ஆண்டுக்கு 12,000 கோடி. அதை 2,500 ஆக்குகிறேன் என்றால் 30,000 கோடி. கூடவே முழு மதுவிலக்கு என்றும் சொல்கிறாரா? டாஸ்மாக் வழியாக அரசுக்கு வருவது ஆண்டுக்கு 45,000 கோடிக்கு மேல். கூடுதலாகும் 18,000 கோடிச் செலவும் நின்றுபோன வரவும் சேர்ந்தால் 63,000 கோடிக்குப் பதில் வேண்டும். ஜி.எஸ்.டி. விகிதத்தை மாநிலம் தனியாக ஏற்ற முடியாது. கடன் வாங்கவும் அரசியல் சாசனத்தின் 293-ஆம் பிரிவு ஒன்றிய அரசின் சம்மதத்தைக் கேட்கிறது. தேர்தல் அறிக்கையில் பணத்துக்கான வழியைப் பொதுவாகவாவது காட்ட வேண்டும் என்பது 2014 முதல் தேர்தல் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அந்தப் பத்தியைத் தேடுங்கள்.

யாருடைய கையில் அதிகாரம் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். “முதல் கையெழுத்தே இதற்குத்தான்” என்ற வாக்குறுதியில் முதல்வரின் கையெழுத்து போதுமா? பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துக்குப் போதும். 2021 மே மாதத்தில் அப்படித்தான் வந்தது. நீட் விலக்குக்குப் போதாது. 2017-லும் 2021-லும் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

நோட்டா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013 தீர்ப்பால் வந்தது, உங்கள் உரிமை. ஆனால் சட்டமன்றத் தேர்தலில் நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்த இடத்தில் இருக்கும் வேட்பாளர் வென்றதாகவே அறிவிப்பார்கள். 2021-ல் தியாகராய நகர் தொகுதியின் வித்தியாசம் 137 ஓட்டு. ஒரு தெரு ஓட்டுப் போடாமல் இருந்தாலே அந்த முடிவு மாறியிருக்கும்.

கட்சித் தலைவரைப் பிடிக்கிறது, உள்ளூர் வேட்பாளர் சரியில்லை என்றால்? இதுதான் கடினமான இடம். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-ல் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி ஓட்டளித்தால் உறுப்பினர் பதவிக்கே ஆபத்து. ஆகவே சட்டங்கள், திட்டங்கள் விஷயத்தில் உங்கள் ஓட்டு தலைவருக்கே போகிறது. தொகுதி நிதி, பட்டா, கால்வாய், காவல் நிலையத்தில் யாருக்காகப் போன் வரும் என்பதெல்லாம் உள்ளூர் ஆளிடம் போகிறது. தலைவர் கேள்வியைத் தாங்குபவராகவும் உள்ளூர் ஆள் சுமாரானவராகவும் இருந்தால் போடலாம் என்பேன். உள்ளூர் ஆள்மேல் மிரட்டல், நில அபகரிப்பு வழக்கில் குற்றச்சாட்டுப் பதிவாகியிருந்தால் தலைவரின் முகத்துக்காகவும் போடாதீர்கள். அந்த ஐந்து ஆண்டை அனுபவிக்கப்போவது உங்கள் தெரு. அப்படிப்பட்டவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சி காரணம் எழுதி வெளியிட வேண்டும், வெற்றிவாய்ப்பு மட்டும் காரணமாகாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கட்சியின் இணையதளத்தில் அந்தத் தாளையும் தேடிப் படியுங்கள்.

இலவசம் தருவதாகத் தேர்தல் அறிக்கையில் சொல்வதும் வீட்டுக்கு வந்து பணக் கவர் கொடுப்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. முன்னது ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் தீர்ப்பானது. பின்னது லஞ்சம். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலே இதனால் ரத்தானது. தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலில் படமோ வீடியோவோ போட்டால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

போட்ட பிறகும் வேலை இருக்கிறது. வாக்குறுதிகளில் உங்களுக்கு முக்கியமான ஐந்தைத் தேர்தலுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் தொகை, யார் அதிகாரம், எந்தத் துறை என்று குறித்து வையுங்கள். புதிய அரசு வந்ததும் திருத்திய பட்ஜெட் வரும். 2021-ல் ஆகஸ்ட் 13-ல் வந்தது. அதைத் தொடர்ந்து, துறைவாரியாகப் பண ஒதுக்கீட்டைச் சட்டமன்றம் பேசும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும், தமிழிலேயே, இலவசமாக இணையத்தில். அதில் அந்த ஐந்தும் ஒதுக்கீட்டோடு இருக்கின்றனவா, பெயரளவில் இருக்கின்றனவா, காணவே இல்லையா என்று குறியுங்கள். அந்தத் தாளோடு, உங்கள் வார்டில் மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக்குப் போங்கள். மாநகராட்சி உறுப்பினரிடம் சட்டமன்ற உறுப்பினரின் வாக்குறுதியைக் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். இருவரும் ஒரே கட்சி என்றால் கேள்வி போய்ச் சேரும், வேறு கட்சி என்றால் அதைவிட வேகமாகப் போய்ச் சேரும். நன்றி, வணக்கம்.