அழச் சொல்லும் பாட்டு, அழாதே என்னும் பாட்டு

எல்லோருக்கும் வணக்கம். ரஷ்யக் கல்யாணத்திலும் உஸ்பெக் கல்யாணத்திலும் நடக்கும் ஆட்டபாட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அழைப்பிதழைப் பார்த்ததும் குஷியாக ஏதோ கேட்கப்போகிறோம் என்று வந்திருப்பீர்கள். குஷியும் வரும். ஆனால் ரஷ்யாவில் கல்யாணப் பாட்டு ஒப்பாரியில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் நானும் அங்கேயே ஆரம்பிக்கிறேன்.

அந்தக் காலத்து வடக்கு ரஷ்யா. ஒனேகா ஏரியைச் சுற்றியும் வோலக்டா பக்கத்திலும் உள்ள கிராமங்கள். பெண்ணைப் பேசி முடித்ததிலிருந்து அவள் ஒப்பாரி வைத்தாக வேண்டும். அப்பாவிடம், அம்மாவிடம், தோழிகளிடம் ஒவ்வொருவராகப் போய் அழ வேண்டும். மனசுக்குப் பிடித்த மாப்பிள்ளையே ஆனாலும் விலக்கு கிடையாது. கன்னிப் பெண்ணுக்கு ஒற்றைப் பின்னல், கல்யாணமானவளுக்கு இரட்டைப் பின்னல். அந்த இரட்டைப் பின்னலையும் துணிக்குள் மறைத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஒப்பாரியில் பாதி, அவிழப்போகும் அந்த ஒற்றைப் பின்னலைப் பற்றியே இருக்கும். மேசையில் உட்கார்ந்து அழாதவள் பின்னால் தூண் மறைவில் நின்று அழுவாள் என்று ஒரு பழமொழியே உண்டு. இப்போது ஊரறிய அழுதுவிடு, புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் அழ நேராது என்று அர்த்தம்.

இந்த ஒப்பாரி காதில் எப்படி விழுந்திருக்கும்? மணப்பெண் தலையில் முக்காடு. மேசையில் கையை அறைந்து அறைந்து தனியாக ஓலமிடுகிறாள். அதே நேரத்தில் தோழிகள் சுற்றி நின்று வேறொரு மெட்டில் சேர்ந்து பாடுகிறார்கள். அவர்கள் தாளம் நிதானமாகப் போகிறது. அவள் குரல் எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாமல் மேலே ஏறி ஏறி விழுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லையே என்று யாரும் கவலைப்படுவதில்லை. ஒட்டாமல் இருப்பதுதான் அதன் அழகு என்பேன்.

எல்லாப் பெண்ணுக்கும் இப்படிப் பாட வருமா? வராது. அதற்கென்று ஒப்பாரிக்காரிகள் இருந்தார்கள். அவர்களில் பேர் பெற்றவர் இரினா ஃபெதோசோவா. எழுதப் படிக்கத் தெரியாத, கால் ஊனமான கிராமத்துப் பெண். பார்சோவ் என்ற ஆசிரியர் அவர் பாடப் பாட எழுதி எடுத்து, 1872 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். 1896இல் நிஷ்னி நோவ்கொரோத் கண்காட்சி மேடையில் அந்தக் கிழவி பாடியதை நேரில் கேட்டு மாக்சிம் கோர்க்கி எழுதியிருக்கிறார்.

தேவாலயத்தில் கல்யாணம் முடிந்ததும் அழுகைக்கு அங்கேயே முற்றுப்புள்ளி. விருந்து மேசையில் பாடகிகள் ஒவ்வொரு விருந்தாளியையும் பேர் சொல்லிப் புகழ்ந்து பாடுவார்கள். அவர் காசு கொடுக்க வேண்டும். கையைச் சுருக்கினாரோ, அடுத்த பாட்டிலேயே அவர் மானம் போகும். அப்புறம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் கார்மோன் பெட்டி வந்தது. நம் ஆர்மோனியத்தின் தத்துவம்தான், தோளில் மாட்டி இழுத்து வாசிப்பார்கள். அது வந்தபின் ஆட்டம் சூடு பிடித்தது. நாலு வரி நக்கல் பாட்டை ஒருத்தி எடுத்துவிடுவாள், காலால் தரையைத் தட்டி ஆடுவாள், எதிரில் நிற்பவர் பதிலுக்குப் பாடி ஆட வேண்டும்.

இந்தக் கூத்து ஆட்சியாளர்களுக்குப் பிடித்ததே இல்லை. 1551இல் மாஸ்கோவில் கூடிய திருச்சபைப் பேரவையில் ஒரு புகார் எழுந்தது: கல்யாண ஊர்வலத்தில் பாதிரியார் சிலுவையோடு போகிறாராம், அவருக்கு முன்னால் கூத்தாடிகள் வாத்தியங்களோடு குதித்துக்கொண்டு ஓடுகிறார்களாம். ஜார் அலெக்சேய் 1648இல் கூத்தாடிகளையும் அவர்களுடைய வாத்தியங்களையும் தடைசெய்தார். ஐந்து வண்டி வாத்தியங்களை மாஸ்கோ நதிக்கரையில் கொளுத்தியதாக ஒலியாரியஸ் என்ற ஜெர்மன் பயணி குறித்து வைத்திருக்கிறார். சோவியத் அரசு இன்னும் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. 1959இல் லெனின்கிராடில் கல்யாண மாளிகை ஒன்றைத் திறந்து, தேவாலயத்துக்குப் பதில் ஒரு சடங்கையே உண்டாக்கிக் கொடுத்தது. மெண்டல்ஸோன் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் கல்யாண இசை ஒலிக்க மணமக்கள் நடந்து வருவார்கள். ஒப்பாரி வைக்க வேண்டிய பெண் இன்று விருந்தில் முதல் ஆளாக வால்ட்ஸ் ஆடுகிறாள்.

சரி, உஸ்பெகிஸ்தானுக்குப் போவோம். அங்கே கல்யாணம் பொழுது விடியும்போதே, ஆண்களுக்கான புலாவ் விருந்தோடு தொடங்கிவிடும். வாசலில் கர்னாய், சுர்னாய், தோய்ரா மூன்றும் முழங்கும். கர்னாய் இரண்டு மீட்டர் நீளப் பித்தளைக் குழல். விரல் வைக்க ஒரு துளைகூடக் கிடையாது, இரண்டு மூன்று சுரம்தான் பேசும். வாசிப்பவர் அதை வானத்தைப் பார்த்துத் தூக்கி ஊதினால் தெருவே எழுந்து உட்காரும். சுர்னாய் சீவாளி வைத்து ஊதுவது, நம் நாதஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம். தோய்ரா ஒற்றைத் தோல் வாத்தியம். வளையத்தின் உட்பக்கம் சின்னச் சின்ன இரும்பு வளையங்கள் குலுங்கும். தோல் தொய்ந்தால் தீயில் காட்டிச் சூடேற்றிக்கொள்வார்கள்.

பெண் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது பெண்கள் யோர்-யோர் பாடுவார்கள். அழாதே பெண்ணே, இந்தக் கல்யாணம் உன்னுடையது, தங்க நிலைப்படி வைத்த வீடு உன்னுடையது என்று போகும் அந்தப் பாட்டு. அவளும் அழத்தான் செய்கிறாள். ரஷ்யப் பாட்டு அழச் சொல்கிறது, உஸ்பெக் பாட்டு அழாதே என்கிறது. ஆனால் பெண்ணை ஒரு வீட்டிலிருந்து பிரித்து இன்னொரு வீட்டில் சேர்க்கிற வேலையை இரண்டிலும் பாட்டிடம்தான் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மறுநாள் கெலின் சலாம். முகத்தை மூடிய புதுப்பெண் நிற்க, பாட்டுக்காரி மாமனார், மாமியார், நாத்தனார் என்று ஒவ்வொருவரையும் கிண்டலும் புகழுமாகப் பாட்டில் இழுப்பாள். பேர் வரும்போதெல்லாம் பெண் குனிந்து வணங்குவாள். சொந்தக்காரர்கள் சீர் வைப்பார்கள்.

கல்யாணப் பெண் தலை குனிந்து அசையாமல் நிற்பாள். ஆடுவதெல்லாம் மற்றவர்கள். ரஷ்ய ஆட்டம் காலில் இருக்கிறது என்றால், உஸ்பெகிஸ்தானின் பெர்கானா பள்ளத்தாக்கு ஆட்டம் மணிக்கட்டிலும் தோளிலும் புருவத்திலும் இருக்கிறது. கொரேஸ்ம் பகுதியின் லஸ்கி வேறு ரகம். விரல் நுனியில் ஒரு நடுக்கம் தொடங்கி, மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறி, கடைசியில் உடம்பு முழுவதும் துள்ளும். 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது இது. புகாரா நகரத்தில் பெண்களுக்கான விருந்துக்குச் சோசாண்டா என்ற பாட்டுக்காரிகளின் குழுக்கள் வரும். தோய்ராவை மட்டும் வைத்துக்கொண்டு, நிதானமாக ஆரம்பித்து, நிறுத்தாமல் தாளத்தை மாற்றி மாற்றி வேகம் கூட்டிக்கொண்டே போவார்கள். ஆடுபவள் கையில் சலங்கை. முஸ்லிம் வீடுகளில் பாடிய இந்தக் கலைஞர்களில் பெரும்பாலோர் புகாரா யூதப் பெண்கள். அவர்கள் குடும்பங்கள் இஸ்ரேலுக்கும் நியூயார்க்கின் குவீன்ஸுக்கும் குடிபெயர்ந்தபோது இந்தப் பாட்டும் கூடவே போனது.

பெண்கள் ஆடியதெல்லாம் பெண்கள் மத்தியில்தான். ஆண்கள் கூட்டத்தில் பெண் வேடமிட்ட பையன்கள் ஆடுவார்கள். 1920களில் தமாரா கானும் என்ற ஆட்டக்காரி முகத்திரை இல்லாமல் மேடையேறினார். அவரைப் போலவே மேடையில் ஆடிய நூர்கான் என்ற இளம்பெண்ணை 1929இல் சொந்த அண்ணனே கொன்றான்.

இன்று தாஷ்கண்ட் கல்யாண மண்டபத்தில் கீபோர்டு, பெரிய ஸ்பீக்கர், பேர் பெற்ற பாடகர். ஆடுபவர் கையில் சொந்தக்காரர்கள் நோட்டைத் திணிப்பார்கள். பாடகரைக் கூட்டிவரக் கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. நாடாளுமன்றம் 2019இல் தலையிட்டு விருந்தாளிகள் 200 பேருக்கு மேல் கூடாது என்றது. பாடகர்கள் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. ஜார் அலெக்சேய் வாத்தியத்தைக் கொளுத்தினார், இவர்கள் தலையை எண்ணுகிறார்கள்.

லஸ்கி ஒளிப்பதிவு ஒன்று எடுத்து வந்திருக்கிறேன், இப்போது திரையில் போடுவார்கள். முதல் சில நொடிகள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். விரலை மட்டும் பாருங்கள். கேள்விகளை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.